சொன்னவர் காட்டட்டும்

அவைத் தலைவர் அவர்களே, சிரம்பான் நகரத்துப் பெரியோர்களே, ரந்தாவ், லாபு, நீலாய், பகாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, பெரியவர்களுக்கு நாற்காலியை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய பேச்சின் பொருள் கடவுள் மறுப்பு. அந்தப் பெரிய பொருளிலும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சமயத்தின் பெயரால் ஒன்று சொல்லப்படுகிறது. தீராத நோய் தீர்ந்தது என்கிறார்கள். நெருப்பு சுடவில்லை என்கிறார்கள். சிலை பால் குடித்தது என்கிறார்கள். இதை ஏற்க எவ்வளவு சான்று வேண்டும்? எப்படிப்பட்ட சான்று வேண்டும்? அந்தச் சான்றை யார் தர வேண்டும்? சொன்னவரா, கேட்டவரா?

பொருளைக் கேட்டதுமே சிலருக்கு முகம் வாடியிருக்கும். யாருடைய சாமியையும் இழித்துப் பேச இந்த மேடை போடப்படவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. மரம் கம்பெனியுடையது. குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. நடக்கிற செம்மண் பாதையும் கம்பெனியுடையது. கோயில் ஒன்றுதான் தொழிலாளி தன் கைக்காசைப் போட்டுத் தனக்கென்று கட்டியது. திருவிழா நாளில் அவர் யாருக்கும் கூலி இல்லை. உபயக்காரர், பந்தல்காரர், காவடி எடுப்பவர். தோட்டம் கைமாறி, தாமான் குடியிருப்பு வந்து, கோயிலை இடிக்க இயந்திரம் வந்து நின்றபோது அழுதவர்கள், தாங்கள் மூன்று தலைமுறையாக வாழ்ந்ததற்கு இருந்த ஒரே அடையாளம் போகிறதே என்றும் அழுதார்கள். அந்தக் கண்ணீரை மதிக்கத் தெரியாத நாத்திகம் தமிழர்களுக்குத் தேவையில்லை.

ஆனால் கோயில் மக்களுக்கு என்னவாக இருந்தது என்பது ஒரு செய்தி. அங்கே சொல்லப்பட்டது உண்மையா என்பது வேறு செய்தி. முதலாவதற்காக இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிட முடியுமா?

கேட்பது நமக்குப் புதிதில்லை. தோட்டத்துப் பால் ஸ்டோர் இங்குள்ள பலருக்குக் கண்முன் நிற்கும். இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து, காண்டாவாளியைத் தோளில் சுமந்து ஸ்டோர் வாசலில் வரிசையில் நிற்பார்கள். கிராணி பாலை நிறுப்பார். நிறுத்ததோடு விடுவாரா? தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். கொஞ்சம் பாலைத் தனியே எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, காயவைத்து, அதில் ரப்பர் எவ்வளவு தேறுகிறது என்று கணக்குப் போடுவார். வெட்டுக்காரர் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தாலும் மெட்ரோலாக் மிதக்காமல் இருக்காது. வெட்டுக்காரரும் லேசுப்பட்டவரா? கிராணி வாயால் சொன்ன எடையை ஏற்றுக்கொண்டு போகமாட்டார். எட்டி நின்று தராசு முள்ளைப் பார்ப்பார். துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். சம்பள நாளில் அந்தச் சீட்டை நீட்டுவார்.

ஒரு வாளிப் பாலுக்கு இத்தனை சோதனை. பிள்ளையின் காய்ச்சலுக்கு என்ன மருந்து, பெண்ணை யாருக்குக் கொடுப்பது, சேர்த்து வைத்த பணத்தை எதில் போடுவது என்ற முடிவுகளை ஒருவர் வாய்ச்சொல்லில் விட்டுவிடலாமா? கடவுள் மறுப்பாளர் கேட்பது இவ்வளவுதான். சொன்னவர் காட்டட்டும்.

உடனே ஒரு பதில் கேள்வி வரும். “கடவுள் இல்லை என்று நீ நிரூபி பார்க்கலாம்!” இந்தக் கேள்வியில் பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே எந்தத் தொலைநோக்கியிலும் அகப்படாத ஒரு சிறு தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அது இல்லை என்று நிரூபிப்பது மற்றவர் வேலையா என்று 1952-ல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் கேட்டார். நாத்திகர் பெரும்பாலோர், எல்லா மூலையையும் தேடிப் பார்த்துவிட்டோம், எங்கும் இல்லை என்று சொல்கிறவர்கள் அல்லர். காட்டப்பட்ட சான்று போதவில்லை, ஆகையால் ஏற்கவில்லை. நாளை போதுமான சான்று வந்தால் ஏற்போம். அவர்கள் நிலை அதுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்டது என்று சொல்வோர் உண்டு. அவர்களை மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதைக்கு அழைத்துப் போக வேண்டும். வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்து, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி வருகிறார். ஒன்றை உண்மை என்று அறிய எத்தனை வழி உண்டு என்று காண்டல், கருதல், உவமம் என்று தொடங்கிப் பத்து அளவைகளை எண்ணிச் சொல்கிறார். எது சான்று என்ற ஆராய்ச்சியிலிருந்துதான் அந்தக் காதையே தொடங்குகிறது! பிறகு ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். கடைசியில் பூதவாதி. கண்ணால் காண்பது ஒன்றே சான்று, மறுபிறப்பும் வினைப்பயனும் பொய் என்கிறார் அவர். பூதவாதியை வாயை மூடு என்றாளா மணிமேகலை? இல்லை. உன் தாய் தந்தையரை இன்னார் என்று நீ கண்டா அறிந்தாய், கருதித்தானே அறிந்தாய் என்று கேட்டாள்.

அருமையான கேள்வி அது. பார்த்தால்தான் நம்புவேன் என்று மார்தட்டும் நாத்திகருக்கும் அதில் பாடம் இருக்கிறது. நாம் காணாதவற்றையும் ஏற்கிறோம். காற்றைக் காணவில்லை; கிருமியைக் காணவில்லை. ஆனால் அவற்றை அளக்க முடிகிறது. யார் அளந்தாலும் அதே விடை வருகிறது. விடை தவறாக இருந்தால் தவறு என்று காட்ட வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறதா என்பது இரண்டாவது. சோதிக்க வழி உண்டா என்பதுதான் முதலாவது.

சான்று கேட்கும் அந்த மரபு சங்கிலி அறாமல் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மீண்டும் மீண்டும் முளைத்தது. 1882 முதல் 1888 வரை சென்னையில் தத்துவ விவேசினி என்ற வார இதழ் நடந்தது. பெரியார் பிறந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் கடவுள் மறுப்பைத் தமிழில் எழுதிய இதழ் அது. 1929 டிசம்பரில் பெரியார் நாகம்மையாரோடு கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். ஒரு மாதம்போல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பேசினார். 1954-ல் இரங்கூன் பௌத்த மாநாடு முடித்து மீண்டும் வந்தார். முதல் வருகைக்குப் பிறகு சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது, கோ. சாரங்கபாணி 1935-ல் தமிழ் முரசைத் தொடங்கினார். தோட்டத்து ஆயக்கொட்டகை ஓரத்தில் ஒருவர் படிக்க மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்ட தாள்களில் அதுவும் ஒன்று.

சரி. சான்று, சான்று என்று சொல்லிக்கொண்டே போனால் போதுமா? சான்று எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டாமா? தோட்டத்துக் கதையிலிருந்தே காட்டுவோம்.

ரப்பர் வந்த புதிதில் தமிழர்களை அதிகம் கொன்றது எது? மலேரியா. குளிர்க் காய்ச்சல். காடு வெட்டி மண்ணைக் கிளறிய இடமெல்லாம் காய்ச்சல். லயத்தில் காய்ச்சலோடு படுத்தவர்களில் பலர் எழவில்லை என்ற காலம் அது. முனி அடித்துவிட்டது என்றார்கள். காட்டைக் கலைத்ததால் காவல் தெய்வம் கோபித்துவிட்டது என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கோழி அறுத்தார்கள், கயிறு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. மருந்தும் கையில் இல்லை, காரணமும் தெரியாது, பிள்ளை கண்ணெதிரே நடுங்கிச் சாகிறது. அந்தத் தாய் வேறென்ன செய்வாள்?

1897 ஆகஸ்ட் 20-ஆம் நாள் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து, அதற்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் 1901-ல் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவைத்தார், புதரை வெட்டினார். அடுத்த ஆண்டு, 1902-ல், காய்ச்சல் சாவு 59. அதற்கடுத்த ஆண்டு 46.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள். 1901-லும் அதே ஊர். 1902-லும் அதே ஊர். இரண்டு ஆண்டும் அதே கோயில்கள், அதே பள்ளிவாசல்கள், அதே சீனக் கோயில்கள். வேண்டுதல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முனி ஊரை விட்டுப் போனதாக யாரும் சொல்லவில்லை. மாறியது தேங்கிய தண்ணீரும் அதைச் சூழ்ந்த புதரும்தான். சாவு ஆறில் ஒன்றாகக் குறைந்தது. இதற்குப் பெயர்தான் சான்று. வாட்சனின் நல்ல குணமோ பட்டமோ சான்று அல்ல. வாய்க்கால் வெட்டியும் சாவு குறையாமல் போயிருந்தால் கொசுக் கொள்கை அன்றைக்கே தோற்றிருக்கும். தோற்க இடம் கொடுத்தது, தோற்கவில்லை. அதனால் ஏற்றோம்.

இப்போது தீமிதிக்கு வருவோம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தீமிதி பார்க்காதவர் யார்? மஞ்சள் துணி கட்டி, விரதமிருந்து, கரகத்தோடு வந்து, செக்கச்செவேலென்று கனன்று கிடக்கும் குழியில் இறங்கி நடப்பார்கள். பெரும்பாலோர் பாதத்தில் ஒரு கொப்புளமும் இராது. இது கண்கட்டு வித்தை இல்லை. நெருப்பு உண்மை, நடப்பது உண்மை, துணிச்சல் உண்மை. கேள்வி, அம்மன் அருளால்தான் சுடவில்லையா என்பது.

1935-ல் இலண்டன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஓர் ஆராய்ச்சிக் குழு, குதா பக்ஸ் என்ற காஷ்மீரத்துக்காரரை இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் தீக்குழியில் நடக்கவைத்துச் சோதித்தது. அவர் பாதம் சுடவில்லை. பிறகு நடந்த சோதனைகளில் எந்த விரதமும் இல்லாத ஆங்கிலேயரும் நடந்து காட்டினார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை. கதிர்காமத்தில் தீமிதி பேர்போனது. கொழும்பில் உடலியங்கியல் படிப்பித்த டாக்டர் கார்லோ பொன்சேகா இதை ஆராய்ந்து 1971-ல் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். விரதம் இல்லை, நேர்த்தி இல்லை, மந்திரம் இல்லை. பன்றி இறைச்சி தின்று, மதுவும் குடித்தவர்களை நெருப்பில் நடக்கவைத்தார்கள். அவர்களும் நடந்தார்கள். வெறுங்காலோடு நடந்து பழகிப் பாதம் தடித்தவர்களுக்கு நெருப்பு எளிதில் சுடுவதில்லை என்றும் அவர் கண்டார். தோட்டத்துப் பாதங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் எளியது. சாம்பல் பூத்த கரி, சூட்டைத் தன்னிடமிருந்து மெதுவாகத்தான் விடும். கால் ஒவ்வோர் அடியிலும் ஒரு நொடிக்கும் குறைவாகவே அதில் படுகிறது. அதே குழியில் ஓர் இரும்புத் தகட்டைப் போட்டுப் பழுக்கவைத்தால், எந்த விரதமும் பாதத்தைக் காக்காது. நடக்காமல் ஓரிடத்தில் நின்றாலும் காக்காது.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. சில ஆண்டுகளில் சிலருக்குக் கால் வெந்துவிடுகிறது. அப்போது என்ன சொல்கிறோம்? விரதத்தில் குறை. மனத்தில் கெட்ட எண்ணம். வீட்டில் தீட்டு. சுடாவிட்டால் அம்மன் அருள். சுட்டால் ஆள் தப்பு. அருள்வாக்கிலும் இதே கதைதான். நோய் தீர்ந்தால் சாமி தீர்த்தது. ஆள் போய்விட்டால் விதி முடிந்தது. எது நடந்தாலும் வெல்கிற பேச்சு இது. கிள்ளான் வாய்க்காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்க்காலுக்குத் தோற்க இடம் இருந்தது. இதற்கு எங்கே இடம்? எந்த விளைவு வந்தால் “இல்லை, நாங்கள் சொன்னது தவறு” என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டால், பதில் வராது. பதில் வராத இடத்தில் சான்றும் இல்லை. வெந்த காலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவரிடம் போய், உன் மனம் சுத்தமில்லை என்று ஊரே சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

தோற்க இடம் வைத்துச் சோதனை செய்யுங்கள் என்று வாழ்நாள் முழுதும் கேட்டவர் ஒருவர் உண்டு. ஆபிரகாம் கோவூர். 1898-ல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். தந்தை கிறித்தவ குரு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவர். கல்கத்தாவில் படித்த காலத்தில் ஊர்க்காரர்கள் அவரிடம் கங்கை நீர் கேட்டு அனுப்பினார்களாம். வரும் வழியில் பிடித்த சாதாரணத் தண்ணீரைக் கொடுத்துவிட்டார். அதைக் குடித்து நோய் தீர்ந்தது என்று சொல்லி வந்தார்கள். இந்தக் கதையை அவரே சொல்லியிருக்கிறார்.

1963-ல் கோவூர் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய். அன்றைக்கு அது சிறிய தொகையா? பட்டியலும் போட்டுக் கொடுத்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நோட்டின் எண்ணைச் சொல்லலாம். தண்ணீரைப் பெட்ரோல் ஆக்கலாம். சோதிடர்களுக்குத் தனிப் பகுதி. ஒருவர் பிறந்த நேரத்தையோ கைரேகையையோ மட்டும் வைத்து, அவர் ஆணா பெண்ணா, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று சொன்னால் போதும். நூற்றுக்கு ஐந்து பிழை வரை மன்னிப்பு உண்டு. தீமிதிக்காரர்களுக்கும் ஒன்று வைத்தார். எரியும் தணலில் நடக்க வேண்டாம். அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள், கொப்புளம் வரக்கூடாது! 1978-ல் அவர் இறக்கும்வரை அந்தப் பணம் அப்படியே இருந்தது. கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பசவ பிரேமானந்த் அதே அறைகூவலைத் தொடர்ந்தார். அவர் காலத்திலும் யாரும் அதை வெல்லவில்லை.

பிள்ளையார் பால் குடித்தது நினைவிருக்கிறதா? 1995 செப்டம்பர் 21. டில்லியில் தொடங்கி, இலண்டன் சவுத்தால் வரை ஒரே நாளில் பரவியது. கரண்டியைத் தும்பிக்கையில் வைத்தால் பால் காணாமல் போனது. இந்திய அரசின் அறிவியல் துறையினர் பாலில் நிறம் கலந்து கொடுத்தார்கள். நிறத்தோடு பால் சிலையின் முன்பக்கமாக வழிவது பளிச்சென்று தெரிந்தது. பாலின் பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து மேலேறிக் கல்லில் படிந்து மெல்லிய படலமாய் இறங்குகிறது. வெள்ளைப் பால் ஈரக் கல்லில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான்.

நம் கண்முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2014 மார்ச் 8, எம்எச்370 விமானம் மறைந்தது. 239 உயிர்கள். குடும்பங்கள் கதறிக்கொண்டிருந்தபோது, ராஜா போமோ என்று பேர் சொல்லிக்கொண்ட மலாய் மந்திரவாதி ஒருவர் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இளநீர்க் காய்களும் மூங்கில் தொலைநோக்கியுமாக வந்து உட்கார்ந்தார். விமானம் அகப்படவில்லை. 2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒன்று கரை ஒதுங்கியது. அதற்குள் பொறித்திருந்த எண்களை வைத்து அது அந்த விமானத்தினுடையதே என்று உறுதி செய்தார்கள். 2018-ல் வந்த மலேசிய விசாரணை அறிக்கை, விமானம் ஏன் திசை மாறியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே எழுதியது. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதக் கூசாத அந்த நேர்மைக்கு ஈடாக எந்த அருள்வாக்கைச் சொல்வது?

“அப்படியானால் டாக்டர் சொன்னால் மட்டும் நம்பலாமா? விஞ்ஞானி சொன்னால் வேதவாக்கா?” நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு விடை இந்த மண்டபத்திலிருந்து சில மைல் தூரத்தில் கிடக்கிறது.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, தலைவலி வந்தது, பிறகு நினைவு தப்பியது, பிறகு மரணம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள் பெரிய மருத்துவர்கள். சிலருடைய இரத்தச் சோதனையும் அப்படித்தான் காட்டியது. கொசு பரப்பும் நோய் அது; ஆகவே புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. சிரம்பானை ஒட்டிய சிக்காமட்டுக்கு வந்தது. சுங்கை நிப்பாவுக்கு வந்தது. தென்கிழக்காசியாவின் பெரிய பன்றிப் பண்ணைப் பகுதி என்று பேர்பெற்ற புக்கிட் பெலண்டோக்குக்கு வந்தது. வீடுகளைப் போட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். இறந்தவர்களில் பண்ணை வைத்திருந்த சீனரும் உண்டு, அங்கே கூலிக்குப் போன நம்மவரும் உண்டு.

ஆனால் உண்மைகள் அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. கொசுவால் வரும் நோய் என்றால், பன்றியைத் தொட்டு வேலை செய்தவரையே ஏன் தேடிப் பிடிக்கிறது? அதே வட்டாரத்து மலாய்க்காரர் வீட்டுக்கு ஏன் போகவில்லை? கொசு சமயம் கேட்டுக் கடிக்குமா? குழந்தைகளை அதிகம் தாக்க வேண்டிய நோய் ஏன் வேலைக்குப் போகும் ஆண்களைச் சாய்க்கிறது? தடுப்பூசி போட்டவர் ஏன் சாகிறார்? பன்றிகளும் ஏன் இருமி இருமிச் சாகின்றன?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்பவர், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து 1999 மார்ச்சில் ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். சோதனைக் குடுவையில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாய்க் கூடியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்வதில்லை. அதை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே போனார். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது உலகம் அதுவரை அறியாத கிருமி. அதற்கு நிப்பா என்று பேர் வைத்தார்கள், நம் சுங்கை நிப்பாவின் பேரை. பிறகு தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலும் அதே கிருமியைக் கண்டார்கள். மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. ஏறத்தாழப் பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்ட பிறகே கொள்ளைநோய் நின்றது.

இதில் அறிவியல் தவறவே இல்லையா? தவறியது. பல மாதம் தவறியது. அந்தத் தவறில் உயிர்கள் போயின. ஆனால் ஓர் இளைய ஆராய்ச்சியாளர், மூத்தவர்கள் சொன்னது பிழை என்று ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டிச் சொல்ல முடிந்தது. அவரைத் தெய்வ நிந்தனை செய்தாய் என்று யாரும் துரத்தவில்லை. குடுவையைப் பார்த்தார்கள், முடிவை மாற்றினார்கள். மருத்துவரையும் நம்ப வேண்டாம், சோதனையை நம்புங்கள் என்று சொல்வதற்கு இதைவிட வேறு கதை வேண்டாம். பூசாரியிடம் கேட்கிற அதே கேள்வியை வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடமும் கேட்க வேண்டும். பகுத்தறிவாளர் என்று மேடையேறுகிறவரிடமும் கேட்க வேண்டும்.

நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம் என்பார்கள் சிலர். 1993-ல் பகாங் ரவூப்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ், பதவி உயரும் என்று நம்பி மோனா பெண்டி என்ற பெண் போமோவிடம் சடங்குக்குப் போனார். கண்ணை மூடித் தரையில் படுத்தவர் கோடரி வெட்டில் இறந்தார். படித்தவர், பதவியில் இருந்தவர். 2001 நவம்பரில் குற்றவாளிகள் தூக்கிலிடப்பட்டார்கள். இப்படிக் கொலையில் முடிவது அபூர்வம்தான். ஆனால் தாயத்துக்கும் தகட்டுக்கும், பில்லி எடுக்கவும் சூனியம் எடுக்கவும் என்று நகையை அடகு வைத்த குடும்பம் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வட்டத்தில் ஒன்றாவது இருக்கும்.

இந்த நாட்டில் இப்படிப் பேசலாமா என்ற அச்சமும் சிலர் முகத்தில் தெரிகிறது. 1970-ல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். 2017-ல் கோலாலம்பூரில் நாத்திகர் சிலர் கூடி எடுத்த படம் வெளியானபோது, அமைச்சர் ஒருவரே அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்றார். அச்சம் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே ருக்குன் நெகாராவில் சட்டத்தை மதிப்பதும் நன்னடத்தையும் உண்டு. சான்று கேட்பவர் இந்த இரண்டிலும் யாருக்கும் குறைந்தவர் அல்லர். கேள்வி கேட்கிற பிள்ளையை வீட்டிலேயே அடக்கிவிடாதீர்கள் என்று தாய்மார்களை இந்த மேடை கேட்டுக்கொள்கிறது. சாமி கும்பிடுகிற அம்மாவும், ஏன் என்று கேட்கிற மகளும் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிடலாம்.

கோவூர் தம் உடலை மருத்துவ மாணவர்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். பிரேமானந்த் இன்னொன்றும் செய்தார். நாத்திகர்கள் சாகும் நேரத்தில் கடவுளைக் கூப்பிட்டார்கள் என்று கதை கட்டுவது வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். புற்றுநோயோடு போத்தனூரில் படுத்திருந்தவர், 2009 செப்டம்பரில், தாம் தெளிந்த நினைவோடு இருப்பதாகவும், தம் கொள்கையில் எந்த மாற்றமும் இல்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். அக்டோபர் 4-ஆம் நாள் காலமானார். தம்மைப் பற்றிய செய்திக்கும் தாமே சான்று எழுதி வைத்துவிட்டார்.

பேச்சு இத்தோடு முடிகிறது. இனிக் கேள்வி நேரம். கோயில் நிர்வாகத்தில் இருக்கிற பெரியவர்கள் பலர் வந்திருக்கிறார்கள். முதல் கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். தம்பி, அந்த மைக்கை நடுவரிசைக்குக் கொண்டுபோ.